பெருவழியும் சுங்கமும்

சென்ற கோடை விடுமுறையில் யான் ஊருக்குச் செல்லுங்கால், எங்கள் பேருந்து நெடுஞ்சாலையிலுள்ள சுங்கச் சாவடி ஒன்றில் சற்றே நின்றது. அருகில் அமர்ந்திருந்த முதியவரொருவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. ஒன்று கேட்கிறேன், சொல்லு. இந்தச் சாவடியில் இத்தனை வருஷமாகப் பணம் வாங்குகிறார்களே, ரோட்டுக்குப் போட்ட காசு இன்னுமா தீரவில்லை?" என்று கேட்டார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் யான் அதற்கு விடையறியாது விழித்தேன். பேருந்து புறப்பட்டது, முதியவரும் அடுத்த ஊரில் இறங்கிப் போய்விட்டார். அவர் வினா மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை தேடிக் கற்றவற்றுள் சிலவற்றை நம் கல்லூரி மலரின் வாயிலாக நண்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கம் நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், சுங்கம் கொள்ளப்படும் பெருவழியும் அதனைக் காத்த வில்வீரரும் பேசப்படுகின்றனர். சுங்கத்திற்கு அந்நாளில் வழங்கிய பெயர் 'உல்கு' என்பதாம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கங் கொள்வோரையும், அவர் பண்டங்களின்மேற் பொறித்த புலி இலச்சினையையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. திருவள்ளுவரும் உல்கினால் வரும் பொருளை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகின்றார். பிற்காலத்தே முதற் குலோத்துங்கன் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்டான். சுங்கத்தைத் தவிர்த்தமையே ஒரு மன்னனுக்கு விருதுப் பெயராயிற்றென்றால், அதனைச் செலுத்தியோர் மனநிலை எத்தகையதாயிருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயின், அக்காலச் சுங்கத்திற்கும் இக்காலச் சாலைச் சுங்கத்திற்கும் பெரியதொரு வேறுபாடுண்டு. அந்நாளில் உல்கு அரசனது கருவூலத்தைச் சேர்ந்தது. இந்நாளிலோ, அரசாங்கம் ஒரு தனியார் கம்பெனியை அழைத்து, "நின் பொருளைக்கொண்டும், கடன் வாங்கிய பொருளைக்கொண்டும் இச்சாலையை அமைப்பாயாக; குறித்த காலம்வரை சுங்கம் வாங்கி நின் முதலையும் இலாபத்தையும் எடுத்துக்கொள்வாயாக; பின்னர்ச் சாலையை எம்மிடம் ஒப்படைப்பாயாக" என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுகின்றது. இதனையே அரசு–தனியார் கூட்டு முயற்சி என்பர். 'கட்டுதல், நடத்துதல், ஒப்படைத்தல்' என்னும் மூன்று சொற்களில் இம்முறையின் சாரம் அடங்கும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1995-இல் திருத்தப்பட்ட பின்னரே, தேசிய நெடுஞ்சாலைகளில் தனியார் இங்ஙனம் முதலிட்டுச் சுங்கங்கொள்ள வழி பிறந்தது.

இம்முறை ஏன் வேண்டப்பட்டது? சாலைக்காகும் செலவு ஓரிரண்டு ஆண்டுகளில் ஒருங்கே வந்து நிற்கும். அதன் பயனோ முப்பது நாற்பது ஆண்டுகள் சிறுகச் சிறுக விளையும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பாசனத்திற்கும் பகிர்ந்தளிக்க வேண்டிய வரிப்பணத்தை ஒரே சாலையில் கொட்டிவிட அரசாங்கத்தால் இயலுவதில்லை. மேலும், மோட்டார் வண்டியையே அறியாத ஏழையிடமும் வரி வாங்கி விரைவுச் சாலை அமைப்பதினும், அச்சாலையிற் செல்வோனே அதன் விலையைக் கொடுத்தல் நேரிதன்றோ என்பாரும் உளர். இவை புறக்கணிக்கத் தக்க காரணங்கள் அல்ல.

நிற்க. இனி, முதல் திரட்டப்படும் முறையைச் சிறிது நோக்குவோம். ஒரு சாலைக்கென்றே தனிக் கம்பெனியொன்று நிறுவப்படுகின்றது. அதன் முதலில் ஒரு பகுதி பங்காளர் இட்டது. பெரும்பகுதி வங்கிகளிடமிருந்து பெற்ற கடன். கடன் கொடுத்தோர்க்குப் பெரும்பாலும் அச்சாலையின் சுங்க வரும்படியொன்றே ஈடு. கம்பெனியின் பின்னுள்ள பெருஞ்செல்வரது வேறு சொத்தின்மீது அவர் கைவைத்தற்கில்லை. ஆகவே சாவடியில் விழும் பணம் ஓர் ஒழுங்குப்படி பகிரப்படுகின்றது. முதலாவது, சாலையைப் பேணுஞ் செலவு; இரண்டாவது, கடனுக்குரிய வட்டியும் தவணையும்; எஞ்சியது பங்காளர்க்கு. பந்தியில் கடைசியாக உண்பவனுக்குச் சோறு குறைதலும் கூடும்; ஆதலின் பங்காளர் கேட்கும் இலாபம் வங்கியின் வட்டியினும் மிகுந்திருக்கும்.

இவ்வேற்பாட்டில் நட்டம் நேர்தற்குரிய வாயில்கள் பல. நிலம் காலத்தில் கிடையாது போகலாம், கட்டுஞ் செலவு மதிப்பை மீறலாம், வட்டி ஏறலாம், எல்லாவற்றினும் மேலாக, எதிர்பார்த்த வண்டிகள் வாராதொழியலாம். "எந்த இடரைத் தடுக்க எவனுக்கு ஆற்றலுண்டோ, அவ்விடரின் பாரத்தை அவனே சுமக்க" என்பது இத்துறை அறிஞர் வகுத்த பொதுவிதி. அவ்விதிப்படி, நிலம் பெற்றுத் தருதல் அரசாங்கத்தின் பொறுப்பு. காலத்திற் கட்டி முடித்தல் கம்பெனியின் பொறுப்பு. ஆயின், வண்டிகளின் தொகை யார் பொறுப்பு? நாட்டின் விளைச்சலும் வாணிகமும் எண்ணெய் விலையும் அதனை ஏற்றியிறக்குகின்றன. அது கம்பெனியின் கையிலும் இல்லை; அரசாங்கத்தின் கையிலும் முழுதும் இல்லை. சுங்கச் சாலைகளின் சிக்கலெல்லாம் இம்முடிச்சில்தான் உள்ளது. இதனை ஒருபுறமாக இழுத்த நாட்டையும் மறுபுறமாக இழுத்த நகரத்தையும் அடுத்தடுத்துக் காண்போம்.

முதலாவது, வட அமெரிக்காவிலுள்ள மெக்சிகோ நாடு. கார்லோஸ் சாலினாஸ் என்பார் அந்நாட்டின் தலைவராயிருந்தபோது, 1989 முதல் 1994 வரை, ஐம்பதுக்கு மேற்பட்ட சுங்கச் சாலை உரிமைகள் தனியார்க்கு அளிக்கப்பட்டன. சாலைகளின் மொத்த நீளம் 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். எவர் மிகக் குறுகிய காலத்தில் சாலையைத் திருப்பியளிப்பதாகச் சொல்லுகின்றாரோ அவர்க்கே உரிமை என்பது அங்குப் பெரிதும் பின்பற்றப்பட்ட முறை. கேட்பதற்கு இனிய ஏற்பாடுதான்! ஆனால் காலம் குறுகக் குறுகச் சுங்கம் உயர்ந்தது. லாரிக்காரர் அச்சுங்கத்தைக் கண்டஞ்சி, குண்டும் குழியுமான பழைய இலவசச் சாலையிலேயே சென்றனர். புதுச்சாலையில் வண்டி குறைந்தது. கட்டுஞ் செலவோ மதிப்பிட்டதைக் கடந்தது. 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு நாணயமாகிய பீசோவின் மதிப்பு வீழ்ந்து வட்டி வானளாவ உயர்ந்தபோது, கம்பெனிகள் கடன் செலுத்த வகையற்று நின்றன. முடிவில், 1997-இல் அரசாங்கம் 23 சாலைகளைத் தானே திரும்ப ஏற்று, அவற்றின் கடனையும் சுமந்துகொண்டது. நட்டம் பெரிதும் கம்பெனியையே சாரும் என்று கருதப்பட்டிருந்தும், கடைசியில் அதன் பெரும்பகுதி வரி செலுத்தும் குடிமக்களின் தோளிலேயே வந்திறங்கிற்று. தாங்க இயலாதவன் தலையில் ஏற்றிய பாரம் வழியிலே விழத்தானே செய்யும்?

இரண்டாவது, நம் நாட்டுத் தலைநகரின் எல்லையிலுள்ளது. டில்லிக்கும், உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த நொய்டாவிற்கும் இடையே யமுனை பாய்கின்றது. அவ்வாற்றைக் கடக்க எட்டு வரிசைகள் கொண்ட நேர்வழிச் சாலையொன்று, ஏறத்தாழ 9.2 கிலோமீட்டர் நீளத்தில், சுமார் 408 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கப்பட்டது. இதற்கென நிறுவப்பட்ட நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனி, 1997-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நொய்டா ஆணையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குறித்த காலத்திற்கு முன்னரே, சாலை திறக்கப்பட்டது. வேலையின் செம்மையில் குறை காண்பதற்கில்லை. நெரிசலில் நெடுநேரம் காத்திருந்து ஆற்றைக் கடந்தோர்க்கு அஃது ஒரு வரமாகவே தோன்றியிருக்கும்.

குறை சாலையிலன்று, ஒப்பந்தத்தின் ஒரு விதியிலே மறைந்திருந்தது. மொத்தச் செலவின்மீது ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 20 வீதம் இலாபம் கம்பெனிக்கு உறுதி செய்யப்பட்டது. ஓராண்டின் வரும்படி அவ்விலாபத்திற்குக் குறையுமாயின், குறைந்த தொகை மொத்தச் செலவோடு கூட்டப்படும். அடுத்த ஆண்டு, கூடிய அத்தொகையின்மீதும் நூற்றுக்கு 20. உரிமைக் காலம் 30 ஆண்டு எனப்பட்டதாயினும், அதற்குள் செலவும் இலாபமும் தீராவிடின் காலம் மேலும் நீட்டப்படும்.

இவ்விதியின் வலிமையை ஒரு சிறு கணக்கால் விளக்குவேன். எண்கள் விளக்கத்திற்காக யான் கொண்டவை. ஒருவன் 100 ரூபாய் முதலிட்டான் என்க. செலவு போக ஆண்டுதோறும் அவனுக்கு 25 ரூபாய் வருமாயின், நூற்றுக்கு 20 இலாபத்தோடு அவன் முதல் ஒன்பது ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். ஆண்டுதோறும் 20 ரூபாயே வருமாயின், இலாபத்திற்கு அது சரியாய்ப் போகும். முதலாகிய 100 ரூபாய் என்றென்றும் அப்படியே நிற்கும். வருவது 10 ரூபாயாயின் என்னாகும்? முதலாண்டின் இறுதியில் பாக்கி 110, இரண்டாமாண்டில் 122, பத்தாமாண்டில் ஏறக்குறைய 360, முப்பதாமாண்டில் 11,900-க்கும் மேல்! கொடுக்கக் கொடுக்கக் கடன் வளருகின்றது. கந்துவட்டிக்காரனிடம் நிலத்தை ஈடுவைத்த குடியானவன் கதையை நாம் கேட்டிருக்கின்றோம், இதுவும் அக்கதையேயாம். இதிலே வண்டி குறைந்தாற் கம்பெனிக்குக் கவலையில்லை. செலவு கூடினாலும் கவலையில்லை. மெக்சிகோவில் கம்பெனியின்மீது பெரிதும் சுமத்தப்பட்ட பாரம், இங்கே கம்பெனியைத் தீண்டாமலே வழிப்போக்கன்மேல் சென்று விழுந்தது.

2012-இல் நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு அலகாபாத் உயர்நீதிமன்றத்தை அணுகிற்று. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், இனி அச்சாலையிற் சுங்கம் கொள்ளலாகாது என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. கம்பெனி உச்சநீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்தது. எட்டாண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், உச்சநீதிமன்றம் அம்முறையீட்டைத் தள்ளி, முன்னைத் தீர்ப்பை உறுதி செய்தது. போட்டிக்கு இடங்கொடாமல், ஒப்பந்தப் புள்ளிகள் கோராமல் உரிமை அளிக்கப்பட்டதையும், சுங்கம் விதிக்கும் அதிகாரத்தை ஆணையம் தன் வரம்பு கடந்து கம்பெனிக்குக் கொடுத்ததையும் நீதிபதிகள் கண்டித்தனர். கம்பெனி தன் செலவையும் போதிய இலாபத்தையும் ஏற்கெனவே பெற்றுவிட்டதென்றும் கண்டனர்.

இத்தீர்ப்பைக் கேட்டு மகிழ்வது எளிது. யானும் மகிழ்ந்தேன். ஆயினும் நடுநிலையாளர் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தையில் விற்கப்பட்டவை. அவற்றை நம்பி வாங்கிய சிறு முதலாளரும் இருந்திருப்பர். எழுதிய ஒப்பந்தம் பின்னொருநாள் கலைக்கப்படும் என்னும் அச்சம் பரவினால், அடுத்த சாலைக்குக் கடன் கொடுப்போர் வட்டியை உயர்த்துவர். அவ்வுயர்ந்த வட்டியும் சுங்கமாகவே நம்மிடம் வரும். ஆகவே, தவறான ஒப்பந்தம் நிலைத்தாலும் கேடு, உடைந்தாலும் கேடு. அதனை எழுதுமுன் போட்டியும் வெளிப்படையும் இருந்திருந்தால் இவ்விரு கேடும் நேர்ந்திரா.

இனி, முடிச்சை அவிழ்க்கும் வழி ஒன்றும் இல்லையோ என்று கேட்பார்க்குத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாடு ஒரு வழியைக் காட்டிற்று. தலைநகராகிய சாந்தியாகோவையும், வால்பரைசோ, வின்யா தெல் மார் என்னுங் கடற்கரை நகரங்களையும் இணைக்கும் 68-ஆம் எண் சாலையை 1998-இல் ஏலமிட்டபோது, அவ்வரசாங்கம், "எத்தனை ஆண்டு வேண்டும்?" என்று கேட்கவில்லை, "இன்றைய மதிப்பில் மொத்தம் எவ்வளவு சுங்கம் வேண்டும்?" என்றே கேட்டது. மிகக் குறைந்த தொகையைச் சொன்னவர்க்கே உரிமை கிடைத்தது. அத்தொகை சேர்ந்தவுடன் உரிமைக் காலம் முடிந்துவிடும். வண்டிகள் மிகுந்தால் விரைவில் முடியும். குறைந்தால் சிறிது நீளும். எடுவார்டோ எங்கெல், ரொனால்டு ஃபிஷர், அலெக்சாந்தர் கலெடோவிச் என்னும் பொருளாதார அறிஞர் மூவர் இம்முறையை ஆராய்ந்து விளக்கியவராவர்.

இங்கும் காலம் நீளுகின்றதே, நொய்டாச் சாலைக்கும் இதற்கும் யாது வேறுபாடு எனின், கூறுவேன். பணத்தின் காலமதிப்பைக் கணக்கிட ஒரு வட்டி இங்கும் உண்டு. ஆயின், கொள்ளவேண்டிய தொகை பலர் முன்னிலையில் போட்டியிட்டுக் குறிக்கப்பட்டது. பின்னர்க் கட்டுஞ் செலவு பெருகினாலும், பராமரிப்பிற் சோம்பல் நேர்ந்தாலும் அத்தொகை பெருகாது. அந்நட்டம் கம்பெனியையே சாரும். கம்பெனியால் தடுக்கத்தக்க இடர் கம்பெனியின்மேலும், எவராலும் தடுக்கவொண்ணாத வண்டிக் குறைவு காலத்தின்மேலும் பகிர்ந்து வைக்கப்பட்டன. மெக்சிகோவில் நேர்ந்த திவாலுக்கும் இங்கே இடம் குறைவு.

நம் நாட்டிலும் 2016 முதல் 'கலப்பு' முறையொன்று கையாளப்பட்டு வருகின்றது. கட்டும்போதே செலவில் நூற்றுக்கு 40 பங்கை அரசாங்கம் கொடுக்கும். எஞ்சிய 60 பங்கைப் பதினைந்து ஆண்டுகளில் தவணையாகத் தரும். சுங்கம் அரசாங்கத்தையே சேரும். இதனால் வண்டிக் குறைவைப் பற்றிய கவலை கம்பெனியை விட்டு நீங்கிற்று. நீங்கிய கவலை மறைந்துவிட்டதோ? இல்லை, பொதுக் கருவூலத்திற் போய் அமர்ந்தது. எம்முறையைக் கையாண்டாலும் பாரம் இல்லாமற் போவதில்லை. தோள் மாறுகின்றது, அவ்வளவே.

ஆதலின், நண்பர்களே, நம் ஊர்ப்புறத்தே ஒரு சுங்கச் சாலை வருகின்றதென்று கேட்டால், அதன் அகலத்தையும் அழகையும் வியப்பதோடு நில்லாமல், மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோமாக. உரிமை பலர் அறியப் போட்டியில் அளிக்கப்பட்டதா? வண்டி குறைந்தால் நட்டம் யாருக்கு? சுங்கம் நிற்கும் நாள் எதனால் குறிக்கப்பட்டுள்ளது? இவற்றிற்கு விடை சாவடியின் முகப்பிலே, செலவு இவ்வளவு, வந்தது இவ்வளவு, இனி வரவேண்டியது இவ்வளவு என்று, பேருந்திலிருந்து படிக்கத்தக்க பெரிய தமிழெழுத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும் என்பது என் விருப்பம். கொடுப்பவன் கணக்குக் கேட்பது குற்றமன்று. கேளாதிருப்பதே குற்றத்திற்கு இடங்கொடுக்கின்றது.

அம்முதியவரை மீண்டும் காண்பேனாயின், இவ்வாறு விடை கூறுவேன்: "ஐயா, போட்ட காசு தீர்வதும் தீராததும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆண்டு குறித்த ஒப்பந்தமாயின், காசு முன்னமே தீர்ந்திருந்தாலும் அவ்வாண்டு முடியும்வரை சுங்கம் உண்டு. தொகை குறித்த ஒப்பந்தமாயின், தொகை சேர்ந்த அன்றே கம்பெனியின் உரிமை முடிந்துவிடும். இலாபத்திற்கு உறுதி எழுதிக்கொடுத்த ஒப்பந்தமாயின், ஒருநாளும் தீராதிருத்தலும் கூடும். நம் சாவடி இவற்றுள் எவ்வகை என்பதை எழுதிக் கேட்டறிவோம், மனுவை யான் எழுதுகின்றேன், தாங்கள் கையொப்பமிடுங்கள்" என்பேன். ஒரு தமிழ் மாணவன் கற்ற எழுத்திற்கு இதனினும் நற்பயன் வேறுண்டோ?